உடலுக்கும் ஒரு பாடு முறை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

ஓய்வு என்றால் சோம்பல் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் எனக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உடற்பயிற்சி தேவை என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதைக் கேட்டு வருகிறோம். பேச்சுப் போட்டிகளில் நாமே முழங்கியும் இருக்கிறோம். ஆனால் எவ்வளவு நேரம் செய்வது? எந்த வேளையில் செய்வது? இடையில் எவ்வளவு ஓய்வு கொடுப்பது? இந்த மூன்று கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பாடத்துக்குக் கால அட்டவணை போடுகிறோம். தேர்வுக்குப் போடுகிறோம். உடம்பை மட்டும் அடித்து ஓட்டினால் போதும் என்று நினைக்கிறோம். இது தவறு என்பதே என் கருத்து. பட்டறிந்து சொல்கிறேன்.

ஏரிக்கரையிலிருந்து ஓடுகளத்துக்கு

நான் ஆரம்பாக்கத்தை அடுத்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் தமிழ்நாட்டின் வடகோடி. சென்னையிலிருந்து வரும் இரயிலில் எங்களுக்கு அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. வெளியூர்க்காரர்கள் பூநாரை பார்க்க வருவார்கள். எங்களுக்கோ அது சோறு போடும் வயல்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படித்து முடித்ததும் கண்ணுக்குத் தெரியும் வழிகள் இரண்டு. ஒன்று, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. மற்றொன்று, காக்கிச் சட்டை. நான் இரண்டாவதை விரும்பினேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முடிந்தபின் உடல் திறன் தேர்வு வரும். ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள் முடிக்க வேண்டும். இதில் தேறினால்தான் கயிறு ஏறுதல், தாண்டுதல் முதலிய அடுத்த கட்டம்.

ஏழு நிமிடம் என்பது 420 நொடி. கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 28 நொடி. 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. முறையாகப் பழகியவனுக்கு இது மலைப்பான வேகம் அன்று. நான் எழுத்துத் தேர்வில் தேறிய நாளில் ஓடிப் பார்த்தபோது 6 நிமிடம் 50 நொடியில் முடித்தேன். பத்து நொடி மிச்சம் இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு நிதானமாகப் பழகியிருந்தால் இன்று இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்!

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நெடுஞ்சாலை ஓரமாக ஒன்றரை மணி நேரம் ஓடினேன். கல்லூரி முடிந்து வந்து மாலையில் மறுபடி ஒரு மணி நேரம் ஓடினேன். அதற்குமேல் தண்டால் நூறு, பஸ்கி இருநூறு. வாரத்தில் மூன்று இரவு என் நைனாவுடன் ஏரிக்கும் போக வேண்டும். நள்ளிரவுக்கு மேல் கரையேறி, வலையை உலர்த்திவிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு ஓடப் போவேன். "ஒரு நாள் விட்டாலும் உடம்பு இறங்கிடும்டா" என்று உடன் ஓடிய நண்பர்கள் சொன்னார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில் வலி தொடங்கியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடினேன். ஐந்தாவது வாரத்தில் சோறு இறங்கவில்லை. களைப்பாக இருந்தும் படுத்தால் தூக்கம் வரவில்லை. காரணமில்லாமல் தங்கையிடம் எரிந்து விழுந்தேன். ஆறாவது வாரம் ஓடிப் பார்த்தபோது 7 நிமிடம் 10 நொடி ஆயிற்று. கூடக் கூட ஓடினேன். கூடக் கூட மெதுவானேன். அப்போதாவது நின்று யோசித்தேனா? இல்லை. "இன்னும் ஓட வேண்டும்" என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேர்வு நாளில் மூன்று சுற்று வரை கூட்டத்தோடு இருந்தேன். கடைசிச் சுற்றில் கால் எலும்பு பிளப்பதுபோல் இருந்தது. நடந்தேன். ஓட வேண்டிய இடத்தில் நடந்தேன். எல்லைக் கோட்டைத் தாண்டியபோது 7 நிமிடம் 24 நொடி. வெளியே வந்தபோது நைனா வாயிலில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தார்.

மூன்று கேள்விகள்

அடுத்த வாரம் கல்லூரியில் நான் நொண்டி நடப்பதைப் பார்த்து உடற்கல்வி இயக்குநர் ஐயா அழைத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடினே தம்பி?"

"இரண்டரை மணி நேரம் ஐயா."

"எந்த வேளையில?"

"நேரம் கிடைச்சப்போ எல்லாம் ஐயா."

"ஓய்வு எப்போ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தேர்வில தோத்தது உன் காலு இல்ல தம்பி. உன் கணக்கு."

வாயிலில் நின்ற நைனாவின் முகத்தைப் போலவே இந்தச் சொல்லும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன். ஐயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவற்றின் சாரத்தை இங்கே தருகிறேன்.

உடல் வளர்வது எப்போது?

பயிற்சி செய்யும்போது உடல் வளர்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. பயிற்சியின்போது உடல் தேய்கிறது. தசை இழைகள் நுண்ணளவில் சிதைகின்றன. தசையில் சேமித்திருந்த சர்க்கரைச் சத்து கரைகிறது. பிறகு நாம் உண்டு, உறங்கி, ஓய்ந்திருக்கும்போது உடல் அந்தச் சேதத்தைச் செப்பனிடுகிறது. செப்பனிடும்போது முன்பிருந்ததைவிடச் சற்று உறுதியாகக் கட்டுகிறது. அந்தச் சற்றுத்தான் நமக்குக் கிடைக்கும் ஊதியம். செப்பம் முடியுமுன் அடுத்த அடியைக் கொடுத்தால் ஊதியம் கிடைக்காது, முதலும் கரையும்.

கடுமையாக நெடுநேரம் ஓடியபின் தசையின் சர்க்கரைச் சத்து மீண்டும் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும், ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. வலுப்பயிற்சிக்குப்பின் தசையைச் செப்பனிடும் வேலை ஒன்றிரண்டு நாள் நடக்கிறது. எலும்போ இன்னும் மெதுவாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உறுதிப்படுகிறது. மூச்சும் நெஞ்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு பின்தங்கி நிற்கும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஓடலாமே" என்று மனம் சொல்லும்போது கீழே முன்னெலும்பு அழுதுகொண்டிருக்கும். எனக்கு நேர்ந்தது இதுதான்.

ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞர் 1936ஆம் ஆண்டு ஒரு சிறு ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். எந்த வகைத் தாக்குதலானாலும் உடல் முதலில் அதிர்கிறது, பிறகு எதிர்த்து நிற்கப் பழகுகிறது, தாக்குதல் ஓயாமல் தொடர்ந்தால் முடிவில் சோர்ந்து வீழ்கிறது என்று அவர் கண்டார். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் பின்னாளில் இந்தக் கருத்தைத் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நிலையில் நிறுத்தத் தெரிந்தவன் பயிற்சியாளன். மூன்றாம் நிலை வரை ஓடியவன் நான்.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. 1930களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரெய்ண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். சிறிது தூரம் வேகமாக ஓடு. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு இறங்கும் வரை ஓய்வு கொள். பிறகு மறுபடி ஓடு. ஓட்டத்துக்கு நடுவில் வரும் அந்த ஓய்வில்தான் இதயம் வலுப்பெறுகிறது என்பது அவர்கள் கொள்கை. அதனால்தான் அதற்கு 'இடைவேளைப் பயிற்சி' என்று பெயர். ஓட்டத்தின் பெயரால் அன்று, ஓய்வின் பெயரால் அது அழைக்கப்படுகிறது! கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். 1955 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

இவையெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடிப்பு என்று ஒதுக்கவும் முடியாது. வாக்பட்டர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல், வலுவும் நல்ல உணவும் உள்ளவன்கூடத் தன் ஆற்றலில் பாதியளவே உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. அதுவும் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மட்டும். மற்றப் பருவங்களில் இன்னும் குறைவாக. சித்திரை வெயிலில் இரண்டரை மணி நேரம் ஓடிய என்னைப் பார்த்திருந்தால் வாக்பட்டர் என்ன சொல்லியிருப்பாரோ!

ஏரி கற்றுத்தந்த பாடம்

இவற்றையெல்லாம் நான் வீட்டில் சொன்னபோது நைனா சிரித்தார். "ஏரிக்கே நாம பாடு வெச்சிருக்கோம். உன் உடம்புக்கு வெக்கலியாடா நீ?" என்றார்.

பாடு என்றால் என்ன என்று பிற ஊர் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரியில், கழி நட்டுச் சுத்து வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்களுக்கு ஊரார் காலங்காலமாக முறை வைத்திருக்கிறார்கள். இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர்; ஊருக்குள்ளும் இன்ன இடம் இன்ன குழுவுக்கு என்று சுழன்று வரும். முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் வலை வைக்கக் கூடாது. மீறினால் ஊர்க் கட்டுப்பாடு. அறிஞர்கள் பலர் இந்தப் பாடு முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

பாடு முறை மீனுக்கு ஓய்வு கொடுக்க ஏற்பட்டது என்று நான் சொல்லவில்லை. அது பங்கு நியாயத்துக்காக ஏற்பட்டது. நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் அதிலே உள்ள மனப்பக்குவத்தைப் பாருங்கள். முறை இல்லாத நாளை எங்கள் பெரியவர்கள் வீணான நாள் என்று நினைப்பதில்லை. அன்று வலையைப் பொத்துவார்கள், தோணியைப் பார்ப்பார்கள், உறங்குவார்கள். முறை வரும் நாளில் முழு வலுவோடு இறங்குவார்கள். அந்த நாளும் தொழிலைச் சேர்ந்ததே.

கடலுக்கும் இன்று ஒரு முறை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாள் தடை இருந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. அந்தக் காலத்தின் வருமான இழப்பு எவ்வளவு கசப்பானது என்று மீனவ வீடுகளுக்குத் தெரியும். ஆனாலும் ஓயாமல் அள்ளினால் கடலும் வற்றும் என்பதை யாரும் மறுப்பதில்லை. கடலுக்கே ஓய்வு தேவை என்றால், ஐந்தரை அடி உடம்புக்கு வேண்டாமா?

'பாடு' என்ற சொல்லின் அழகையும் கவனியுங்கள். உழைப்புக்கும் பாடு என்று பெயர். முறைக்கும் பாடு என்று பெயர். நான் முதல் பாட்டை மட்டும் பட்டேன். இரண்டாம் பாட்டை மறந்தேன்.

எவ்வளவு நேரம்?

உலக நல நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தவர்கள் உடல் நலத்துக்காக வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சியும் வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிவது மிதமானது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது கடுமையானது. நான் நாளொன்றுக்கு ஓடியது 150 நிமிடம். ஒரு வாரத்துக் கணக்கை ஒரே நாளில் செலவழித்தேன்! தேர்வுக்கும் போட்டிக்கும் பழகுவோர் இந்த அளவைத் தாண்டலாம். ஆனால் படிப்படியாகத்தான் தாண்ட வேண்டும்.

கல்லூரி மாணவனுக்கு ஒரு வேளைக்கு 40 முதல் 60 நிமிடம் தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம். அதில் முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்ற. கடைசி ஐந்து பத்து நிமிடம் மெல்ல நடந்து தணிக்க. நடுவில் உள்ள அரைமணி முக்கால் மணிதான் உண்மையான பயிற்சி. இதற்குமேல் நீட்டினால் வேகம் குறையும், கவனம் சிதறும், காயம் வரும்.

எந்த வேளை?

மாலை நான்கு முதல் ஏழு மணி வாக்கில் உடல் வெப்பம் உயர்ந்திருக்கும், மூட்டுகள் இளகியிருக்கும், வேகமும் வலுவும் சற்றுக் கூடுதலாக வரும். காலையில் உடல் இறுகியிருக்கும். ஆனால் வெயில் இராது. நம் கடலோர மாவட்டத்தில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து வியர்வை உலராமல் உடல் சூட்டை ஏற்றிவிடும். ஆகவே கோடையில் காலை, மற்றக் காலத்தில் வசதிப்பட்ட வேளை என்று வைத்துக்கொள்ளலாம். எது கிடைக்கிறதோ அதை மாற்றாமல் கடைப்பிடிப்பதே வேளையைவிட முக்கியம். தேர்வு காலையில் நடக்கும் என்றால் கடைசி மூன்று வாரமாவது காலையில் பழக வேண்டும்.

ஒன்று மட்டும் உறுதி. தூக்கத்தைத் திருடி வேளை தேடக் கூடாது. நம் வயதினருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு விடியலில் ஓடுவது வீரம் அன்று. அது கடன் வாங்கிக் கடன் அடைப்பது.

எவ்வளவு ஓய்வு?

ஓய்வு மூவகை. ஒரு வேளைப் பயிற்சிக்குள் வரும் ஓய்வு, நாளுக்கு நாள் வரும் ஓய்வு, வாரங்களுக்கு இடையில் வரும் ஓய்வு. வேக ஓட்டத்துக்கு நடுவே மூச்சு சீராகும் வரை நடக்க வேண்டும். கயிறு ஏறுதல் போன்ற வலுப்பயிற்சியில் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையில் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். கடுமையான நாளுக்கு மறுநாள் எளிய நாளாக இருக்க வேண்டும். மூன்று வாரம் ஏற்றிக்கொண்டே போனால் நான்காம் வாரம் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் வார முறையைச் சொல்கிறேன். திங்கள், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அரைமணி நேரம். செவ்வாய், தண்டாலும் பஸ்கியும் கயிறும். புதன், 300 மீட்டரை 84 நொடியில் ஐந்து முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிட நடை. கூட்டிப் பாருங்கள்: ஐந்து முறை ஓடினால் 1500 மீட்டர், 7 நிமிடம்! வேகம் உடம்பில் படிகிறது, உடம்பு உடைவதில்லை. வியாழன், முழு ஓய்வு. வெள்ளி, மறுபடி எளிய ஓட்டம். சனி, வலுப்பயிற்சியும் தாண்டுதலும். ஞாயிறு, ஓய்வு, மனம் இருந்தால் குப்பத்துப் பிள்ளைகளோடு கொஞ்சம் கைப்பந்து. தேர்வுக்கு முந்திய வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குவேன். ஒரு வாரம் குறைத்தால் உடம்பு இறங்கிவிடாது. சேர்த்து வைத்த களைப்புத்தான் இறங்கும்.

இதை அப்படியே எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருவரின் அளவு மற்றவருக்குப் பொருந்தாது. எலும்பில் ஒரே இடத்தில் விடாமல் வலித்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம்.

ஏழைக்கு ஓய்வு ஏது?

இந்த இடத்தில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். "வீட்டில் வேலை செய்ய வேண்டியவனுக்கு ஓய்வு எப்படிக் கிடைக்கும்? இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குச் சொல்லும் வார்த்தை" என்றார். நியாயமான கேள்வி. பழவேற்காட்டு ஏரியில் இருளர் பெண்கள் மணிக்கணக்கில் நீரில் அமர்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களிடம் போய் உடற்பயிற்சியின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு மட்டுமே.

என் விடை இதுதான். ஓய்வு குறைவாகக் கிடைப்பவனுக்குத்தான் திட்டம் அதிகமாக வேண்டும். உழைப்பையும் பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டும். இரவில் கழி ஊன்றித் தோணி தள்ளினேனா? தோளுக்கும் கைக்கும் அன்று வலுப்பயிற்சி முடிந்தது. மறுநாள் தண்டால் வேண்டாம். நாற்று நட்ட நாளும், மூட்டை சுமந்த நாளும், கல்லூரிக்கு நின்றுகொண்டே இரயிலில் வந்த நாளும் கணக்கில் வர வேண்டும். உடலுக்குக் கூலி வேலை வேறு, பயிற்சி வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது சுமையை மட்டுமே அறியும்.

நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, விளையாட்டுத் திடலில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று நேரம் குறித்து, இரயில் நேரத்துக்குப் பொருந்த அமைக்க வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்கள் வண்டியைப் பிடிப்பதா, பயிற்சி செய்வதா என்று தவிக்கிறார்கள். இரண்டாவது, அதில் பாதி நேரமாவது மாணவியருக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். என் தங்கையும் காவலர் தேர்வு எழுத விரும்புகிறாள். விடியல் இருட்டில் நெடுஞ்சாலையில் நான் ஓடலாம். அவள் ஓட முடியுமா? 400 மீட்டர் ஓட்டத்துக்கு அவள் எங்கே பழகுவாள்? மூன்றாவது, தேர்வுக்குப் போகும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, செய்த பயிற்சியையும் உறங்கிய நேரத்தையும் எழுதி, வாரம் ஒரு முறை உடற்கல்வி இயக்குநரிடம் காட்ட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான்.

ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி 1920இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அதை நிறுவினார். உடற்பயிற்சியை அறிவோடு கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் வேரூன்றி நூறாண்டு கடந்துவிட்டது. சென்னையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத எங்கள் ஏரிக்கரைக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

என் குறிப்பேட்டில் இன்றுவரை முப்பத்தொரு வாரங்கள் எழுதியிருக்கிறேன். முதல் எட்டு வாரம் காலுக்கு ஓய்வும் நடையும் மட்டுமே. சென்ற வாரம் நம் கல்லூரித் திடலில் 1500 மீட்டரை 6 நிமிடம் 31 நொடியில் ஓடினேன். கால் வலிக்கவில்லை. அடுத்த தேர்வு வரும்போது தேறுவேனா என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை என் கணக்கு தோற்காது.

வியாழக்கிழமைகளில் நான் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இன்னாடா, இன்னிக்கு ஓடப் போகலியா?" என்று கேட்பார்கள்.

வலை பொத்திக்கொண்டிருக்கும் நைனா நிமிராமலே விடை சொல்வார்: "இன்னிக்கு அவனுக்குப் பாடு இல்ல."